இன்னொரு தடவை சொல்லுங்க

"இந்தம்மாவுக்குக் காது கேக்குதா, இல்லையா?" என்றார் வீட்டுக்காரர் தரப்பு வக்கீல் விட்கம். கேட்டது பக்கத்தில் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்த லியோனாவைப் பற்றி. ஆனால் எதிரே இருந்த வக்கீல் ஸோராவைப் பார்த்துத்தான் கேட்டார்.

காலையிலிருந்து மூன்றாவது முறையாக லியோனா குறுக்கிட்டிருந்தாள். "மன்னிக்கணும், அந்தப் பதிலை இன்னொரு தடவை சொல்லுங்க."

"ஓசியில வர்றவங்க இப்படித்தான் இருப்பாங்க," என்று, சாட்சி சொல்ல வந்திருந்த வீட்டுக்காரரின் மேனேஜர் ட்ரசல் சிரித்தான்.

ஓசிதான். அமெரிக்காவின் டொலிடோ நகரில் இலவசச் சட்ட உதவி அலுவலகத்தின் மாடி அறை அது; வழக்கு கோர்ட்டுக்குப் போகுமுன் சாட்சிகளை விசாரித்துப் பதிவு செய்யும் இடம். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற லியோனா, காசில்லாதவர்களின் வழக்குகளுக்காக வியாழன்தோறும் தன் சுருக்கெழுத்து மெஷினைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிடுவாள். எழுத ஆள் இல்லாவிட்டால் அந்த அறையில் சொன்னதெல்லாம் காற்றோடு போய்விடும்.

அன்றைய வழக்கு வெர்னெட்டாவுடையது. அவளுக்காக வாதாடுபவள் ஸோரா. பள்ளிச் சமையலறையில் வேலை, இரண்டு பெண் குழந்தைகள். பிப்ரவரிக் குளிரில் வீட்டு ஹீட்டர் பதினெட்டு நாள் ஓடவில்லை என்று நகராட்சியில் புகார் கொடுத்தாள். அடுத்த வாரமே வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

புகாருக்குப் பழிவாங்கத்தான் நோட்டீஸ் என்று நிரூபித்தால் வீடு நிலைக்கும். இல்லாவிட்டால் இருபதாம் தேதி மூன்று பேரும் தெருவில்.

ஸோரா அடுத்த கேள்விக்குக் காகிதத்தைப் புரட்டினாள். "உங்க பையில போன் அதிருது," என்றாள் லியோனா. ஸோரா திகைத்துப்போய் நாற்காலிக்குப் பின்னால் கிடந்த பையைத் திறந்தாள். வீட்டில் அவள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்தான் கூப்பிட்டிருந்தாள். வேறு யாருக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கவில்லை.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். விட்கம் படிக்கட்டில் இறங்கும்போதே பேஸ்பால் பேச ஆரம்பித்துவிட்டார். லியோனா மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சூரை மீன் சாண்ட்விச்சைப் பிரித்தாள். திங்கட்கிழமை மருந்துக்கடைப் பையன் பிறந்த தேதி கேட்டான், அவள் சொன்னாள். அதற்குப் பிறகு இன்று காலைதான் வாய் திறந்திருந்தாள்.

இரண்டு மணிக்கு ஸோரா மறுபடி தொடங்கினாள். "நோட்டீஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி, வெர்னெட்டா புகார் கொடுத்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மார்ச் மாசம்தான் கேள்விப்பட்டேன்," என்றான் ட்ரசல். ஒப்பித்த பாடம் போல, கணீரென்று வந்தது பதில்.

வெர்னெட்டா தலையைக் குனிந்துகொண்டாள். அந்த ஒரு பதிலில்தான் வழக்கே நின்றது. அதைப் பொய்யென்று காட்ட அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

"மன்னிக்கணும்," என்றாள் லியோனா. "இன்னொரு தடவை சொல்லுங்க."

"அட, என்னம்மா நீ!" ட்ரசல் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினான். முகம் சிவந்திருந்தது. "இந்தத் தடவையாவது ஒழுங்கா எழுதிக்கோ. நோட்டீஸ் கொடுத்ததுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல! நகராட்சி ஆளு ஹீட்டரைப் பார்த்துட்டுப் போன அன்னிக்கே முதலாளி போன் பண்ணி, 'அவளை முதல்ல காலி பண்ணு'ன்னார். நான் என்ன செய்ய முடியும்? போதுமா?"

லியோனாவின் விரல்கள் மெஷின் மேல் ஓடி நின்றன.

விட்கம் பேனாவை மூடி வைத்தார். "ஒரு பத்து நிமிஷம் வெளியே போய்ப் பேசிட்டு வர்றோம்," என்றார்.

பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமாயிற்று. திரும்பி வந்தபோது நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும், இந்த வாரத்துக்குள் புது ஹீட்டர் போட்டுத் தருவதாகவும் சொன்னார். ட்ரசல் அறைக்குள் வரவே இல்லை.

வெர்னெட்டா விம்மிக்கொண்டே வந்து லியோனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா, என் பிள்ளைங்களைக் காப்பாத்திட்டீங்கம்மா." பள்ளி விடும் நேரமாகிவிட்டது என்று கண்ணைத் துடைத்தபடியே கீழே ஓடினாள்.

லியோனா மெஷின் ஸ்டாண்டின் கால்களை ஒவ்வொன்றாக, மெதுவாக மடக்கினாள்.

ஸோராவுக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. "காது மந்தம்னு அவங்களை நம்ப வெச்சே கவுத்துட்டீங்களே! எத்தனை பொய்ச் சாட்சிகளைப் பார்த்திருப்பீங்க. அவன் புளுகுறான்னு புரிஞ்சுதானே திருப்பிக் கேட்டீங்க?"

"எனக்கு அதெல்லாம் தெரியலம்மா," என்றாள் லியோனா.

"அப்போ நிஜமாவே காதுல விழலையா?"

"எல்லாம் நல்லாத்தான் விழுந்துச்சு." பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"திருப்பிக் கேட்டாத்தான் யாராவது என் முகத்தைப் பார்த்துப் பேசுறாங்க."