மிளகு மிதிக்கும்போது நாலாவது பாட்டு

மாலை வெயில் தார்ப்பாயின் மேல் சாய்ந்து விழுகிறது. சங்கீதாவும் பக்கத்து வீட்டு அத்தாயியும் மிளகுக் கொத்துகளை வெறுங்காலால் மிதித்து மணி உதிர்க்கிறார்கள். இருவர் பாதத்திலும் சாறு கறுத்து எரிகிறது. பலாமரக் கவட்டையில் வைத்த சங்கீதாவின் போனில் ஒரு பாடகனின் புது ஆல்பம் ஓடுகிறது. அந்தப் பாடகன் ஞாயிற்றுக்கிழமை செம்மேட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் பாட வருகிறான். அத்தாயி துணைக்கு வந்தால்தான் வீட்டில் சங்கீதாவை அங்கே அனுப்புவார்கள். பாட்டுப் பிடிக்காமல் அத்தாயி அசையமாட்டாள். "மொதப் பாட்டு, லாரி வளைவுல முக்கி ஏறறாப்ல இருக்குது கண்ணு," என்கிறாள் அத்தாயி. "ரெண்டாவதுங்க்கா?" "அதே லாரி எறங்கறாப்ல." சங்கீதாவுக்குச் சிரிப்பு வருகிறது. மூன்றாவது பாட்டில் அத்தாயி குனிந்து விரலிடுக்குக் காம்பைப் பிடுங்குகிறாள்.

நாலாவது பாட்டில் ஒரே ஒரு மேளமும் அவன் கரகரத்த குரலும்தான். இவர்கள் மிதிக்கிற வேகத்துக்கே அடி விழுகிறது. அத்தாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதிக்கிறாள். மணியெல்லாம் உதிர்ந்து வெறும் காம்புதான் கிடக்கிறது, அப்போதும் மிதிக்கிறாள். பாட்டு முடிந்ததும், "அங்க இதப் பாடுவானா?" என்கிறாள். "பாடுவாருங்க்கா." "அப்ப மொத வரிசையில எடம் புடிக்கோணும். இதப் பாடாம அவன் மேடைய உட்டு எறங்க முடியாது."