கூடப் பிறக்காத அண்ணன்

“பொய் சொல்றீங்க!”

சீனியர் வக்கீல் மேசையைத் தட்டியதில் எதிரே இருந்த தையல்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“படிவத்துல கூடப்பிறந்தவங்க யாரும் இல்லைன்னு எழுதினீங்க. நேர்காணல்ல ‘அண்ணன்தான் பிளேன் ஏத்திவிட்டாரு’ன்னு சொன்னீங்க. எது பொய்?”

“ரெண்டுமே நிஜம் சார். அவரு வந்து...” மேலே பேச முடியாமல் அழுதுவிட்டார்.

காலையிலிருந்து இது ஆறாவது தடவை. ஓரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஜூனியருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

‘அண்ணன்’ என்ற இந்த ஒரு சொல்லால்தான் குடியேற்ற அலுவலகம் அந்தம்மாவின் மனுவைத் தள்ளியிருந்தது. நாளைக்கு மேல்முறையீடு. அதுவும் போச்சென்றால், இங்கே பள்ளிக்கூடம் போகும் மகளைக் கூட்டிக்கொண்டு பத்து நாளில் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். அவரிடம் போய் வீரத்தைக் காட்டுகிறாரே மனுஷன்!

ஒரு காலத்தில் இவர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தாலே சாட்சிக்கு நாக்கு வறண்டுவிடுமாம். பேரும் புகழுமாக இருந்தபோதே அதை விட்டுவிட்டுச் சினிமா ஒப்பந்தங்கள் பக்கம் போனார். போஸ்டரில் யார் பெயர் பெரிய எழுத்து என்று நடிகர்கள் போட்ட சண்டைகளைப் பத்து வருஷம் தீர்த்துவைத்தார். அதுவும் அலுத்து, இப்போது விசா, குடியுரிமை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான் என்பது ஜூனியரின் அபிப்பிராயம்.

தையல்காரம்மா முகம் கழுவப் போனதும் ஜூனியர் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

“சார், அண்ணன்னா பெரியப்பா பையனாவும் இருக்கலாம். உங்களுக்குத் தெரியாதா? எதுக்கு சார் அவங்களைப் போட்டு இந்தப் பாடு படுத்துறீங்க?”

“எனக்குத் தெரியும்மா. நாளைக்குக் கேக்கப்போறவங்க மொழியில அண்ணன்னா கூடப்பிறந்தவன் மட்டும்தான். அழுகையை எல்லாம் இங்கேயே அழுது முடிச்சிரட்டும்.”

ஏழாவது தடவை தையல்காரம்மா அழவில்லை. “அவரு எங்க பெரியப்பா மகன். எங்க பாஷையில அவரும் அண்ணன்தான்” என்று நிமிர்ந்து சொன்னார்.

மறுநாள் விசாரணையிலும் அதையே பிசகாமல் சொன்னார். மனு ஏற்கப்பட்டது. வெளியே வந்து மகளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஜூனியருக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தின நாள் திட்டியதற்கு மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

“இவ்வளவு திறமையை வச்சுக்கிட்டு ஏன் சார் வழக்காடுறதை விட்டீங்க? தோத்துட்டீங்களா?”

“ஜெயிச்சேம்மா.” சீனியர் படியிலேயே நின்றார். “அரசாங்கத் தரப்புல நான். அடிதடி வழக்கு. ‘அன்னைக்கு என் வீட்டுக்காரரு என் தங்கச்சி வீட்டுல இருந்தாரு’ன்னு ஒரு அம்மா சாட்சி சொன்னாங்க. உங்களுக்குத் தங்கச்சியே கிடையாதேன்னு பிறப்புப் பதிவேட்டை நீட்டினேன். ஏதோ சொல்ல வந்தாங்க. ‘ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க’ன்னு வாயை அடைச்சேன். பொய்ச்சாட்சின்னு தள்ளிட்டாங்க. அவங்க வீட்டுக்காரருக்கு ஆறு வருஷம் ஜெயில்.”

“அடப்பாவமே! சித்தி பொண்ணா இருக்கும்னு அந்த நீதிபதிக்குத் தோணலையா சார்?”

“அவருக்குத் தமிழ் தெரியாதும்மா. எனக்குத் தெரியும்.”