ஜலீல் பாய் வாங்கிய பம்பு

மூன்றாவது பம்பும் கெட்டுப் போய்விட்டது.

பழவேற்காடு ஏலக்கொட்டகைத் தூணில் சாய்த்து வைத்திருக்கும் சைக்கிள் பம்பு அது. விடிந்ததும் மீனை ஏலம் எடுத்து, ஐஸ் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு, திருப்பாலைவனம் பக்கம் விற்கப் போகிறவர்களுக்குப் பொது. டயரில் காற்று இல்லையென்றால் வண்டியைத் தள்ள வேண்டும். வெயில் ஏறிய பிறகு வருகிற மீனை எவன் வாங்குவான்?

"எல்லாம் ஆதிகேசவன் வேலை," என்றார் ஜலீல் பாய். கொட்டகைக்குப் பொறுப்பு அவர்தான்.

ஆதிகேசவன் பெரிய உடம்புக்காரன். அவன் ஏறி உட்கார்ந்தால் சைக்கிள் தெரியாது.

"நான் இன்னா பண்ணேன் பாய்?"

"நீ காத்து அடிக்கிறியா, பம்பு மேல படுத்துத் தூங்குறியா?"

கொட்டகையே சிரித்தது. ஆதிகேசவனும் சேர்ந்து சிரித்துவிட்டான்.

புதுசு வாங்கப் பாயே பொன்னேரிக்குப் போனார். பிளாஸ்டிக் என்றதும் தள்ளினார். தகடு மெலிசு என்று இன்னொன்றைத் தள்ளினார். கடைசியில் கனமான இரும்புக் குழாய், அகலமான அடித்தகடு. விரலால் தட்டினார். ஏறி நின்று ஆடிப் பார்த்தார். ரப்பர் குழாயைக் கன்னத்தில் வைத்து, கடைக்காரனை அடிக்கச் சொன்னார்.

"பாய், பம்பு வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா?"

"மாப்பிள்ளை சரியில்லைனா ஒரு பொண்ணுதான் கஷ்டப்படும். இது சரியில்லைனா ஊரே கஷ்டப்படும். அடி, அடி."

பம்பு வந்தது. கூடவே சட்டமும் வந்தது.

"இதைக் கெடுக்கிறவன் அப்புறம் இதுல காத்தடிக்கவே கூடாது. வண்டியத் தள்ளிக்கினே போகட்டும்."

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. கைப்பிடி மேலே வந்தது. கீழே போக மாட்டேன் என்றது.

"யாரு?" என்று கத்தினார் பாய்.

எல்லார் கண்ணும் ஒரே பக்கம் போனது.

ஆதிகேசவன் தலையைச் சொறிந்தான்.

"நான்தான் பாய். நேத்து கொஞ்சம் அழுத்திட்டேன்."

"பார்த்தீங்களா! நான் சொன்னேனா இல்லியா?"

சட்டம் சட்டம்தான்; பம்பு சரியானாலும் இனி அவனுக்குக் கிடையாது. காற்றில்லாத பின்டயரோடு, ஐஸ் பெட்டியோடு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான் ஆதிகேசவன்.

மத்தியானம் சாப்பிடும்போது வெற்றிக் கதையை மனைவி பரீதாவிடம் சொன்னார் பாய்.

"நேத்தா?" என்றாள் பரீதா. "அவன் நாலு நாளா ஊர்லயே இல்லியே. சுண்ணாம்புக்குளத்துல தங்கச்சி வூட்டு விசேஷம். இன்னிக்கு விடியக்காலைலதான் வந்தான்னு அவன் பொண்டாட்டி சொன்னா."

"அப்ப யாரு கெடுத்தது?"

"சாயங்காலம் கூடை, பெட்டி எல்லாத்தையும் ஏரித் தண்ணில அலசுறீங்க இல்ல? அப்ப பம்பை இன்னா பண்ணுவீங்க?"

"அதையும்தான் அலசுவேன். மீன் செதிலு ஒட்டிக்கினு கீதே."

"மேலால அலசுவீங்களா, உள்ள முக்குவீங்களா?"

"முக்காம எப்படிச் செதிலு போவும்?"

பரீதா அவரையே பார்த்தாள்.

"உப்புத் தண்ணில இரும்பை முக்கினா இன்னாங்க ஆவும்?"

பாயின் வாயிலிருந்த சோறு, பம்புக் கைப்பிடி மாதிரி நின்றுவிட்டது. கீழே போகவில்லை.

கையைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். அங்கே ஆதிகேசவன் பம்பைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்த உப்பைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் அலசி, தோல் வாஷருக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான்.

"தொடக் கூடாதுன்னேனே?"

"காத்து அடிக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? நான் அடிக்கல. பிரிச்சேன்."

"நான் ஏரியில முக்குறது உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது பம்புலயே தெரியும் பாய்."

"சொல்றதுக்கு இன்னாடா?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க எங்க பேச வுட்டீங்க?"

பாய் இருமினார்.

"சரி, இன்னிக்கு ஏன்டா நீயா போய் மாட்டிக்கின?"

"எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. நான் இல்லன்னா அடுத்து யாருன்னு தேடுவீங்க. தேடினா உங்ககிட்டதான் வந்து நிக்கும். திட்டு வாங்கி எனக்குப் பழக்கம் பாய். உங்களுக்குப் பழக்கம் கிடையாது. தாங்க மாட்டீங்க."

பாய் திரும்பி நடந்தார்.

மறுநாள் காலை கைப்பிடி வழுக்கிக்கொண்டு இறங்கியது. வரிசையில் முதலில் நின்ற லோகநாதனுக்குத் தாங்கவில்லை.

"பாய் வாங்கின சாமான்னா சாமான்தான்! யாரு பாய் சரி பண்ணது?"

வண்டியைத் தள்ளிக்கொண்டு கொட்டகையைத் தாண்டிக்கொண்டிருந்த ஆதிகேசவன் திரும்பிப் பார்த்துச் சொன்னான்.

"வேற யாரு? நம்ம பாய்தான்."

சொல்லிவிட்டு நிற்காமல் தள்ளினான்.

லோகநாதன் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கினான். இன்னொருவன் டீ சொல்லட்டுமா என்றான். பாய் கையை உதறினார்.

"டேய் ஆதி! நில்றா. வண்டியக் கொண்டா இங்க."

வந்தது. பாயே குனிந்து ரப்பர் குழாயைப் பின்டயரில் மாட்டினார். தகட்டில் ஏறி நின்று அடிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இதைக் கெடுத்தது நான். இது மட்டும் இல்ல, இதுக்கு முன்னால போனதெல்லாமே நான்தான். தினமும் ஏரியில குளிப்பாட்டினேன்."

சிரிப்பதா வேண்டாமா என்று கொட்டகைக்குத் தெரியவில்லை.

"அப்ப சரி பண்ணது யாரு பாய்?" என்றான் லோகநாதன்.

பாய் கைப்பிடியை ஓங்கி ஒரு அழுத்து அழுத்தினார். டயருக்குள் காற்றும், வெளியே பெயரும் ஒன்றாகப் போயின.

"ஆதிகேசவன்."