பத்து நாளைக்கு ஒரு கார்

மூன்றாவது காரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கீழே இறங்கினார்.

முதல் கார் ரொம்பத் தாழ்வு. இரண்டாவதில் பின்பக்கக் கண்ணாடி தபால்பெட்டி வாய் அளவுக்குத்தான் இருந்தது. இதில் பக்கத்து சீட்டின் பெல்ட் இழுத்தால் இழுத்த இடத்திலேயே தொங்குகிறது. உள்ளே போவேனா என்கிறது.

சாவிகளோடு அவர் பின்னாலேயே நடந்த வாடகைக் கார் நிறுவனத்துப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. விமானத்தில் இருந்து இறங்கி வருகிறவர்கள் பத்து நிமிடத்தில் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் வந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

அவரையும் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஸ்டீயரிங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு, காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கோடு பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே காலம் தள்ளியவர். எந்த வண்டி மேலும் அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வராது.

போதாததற்கு, இந்த நாட்டில் ஸ்டீயரிங் இடப்பக்கம். கியர் போடப் போன கை ஒவ்வொரு தடவையும் கதவில் போய் இடித்தது.

நான்காவது காரில் ஏறினார். கண்ணாடிகளைத் திருப்பிப் பார்த்தார். நான்கு கதவையும் சாத்திச் சாத்திச் சத்தம் கேட்டார். பிறகு சுற்றி வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டார். ஐந்து நிமிடம் அப்படியே இருந்தார். ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்தாலும் சாலை தெரிந்தது.

ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். ஏரிக்கரை, மலைப்பாதை, கடைசி மூன்று நாள் கடலை ஒட்டியே. மூன்று மாதமாக உட்கார்ந்து போட்ட பாதை. அந்த சீட்டில் உட்காரப் போகிறவள் அவர் மகள்.

இந்தக் கார் போதும் என்றார்.

ஆபீஸ் அறையில் படிவத்தை வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தார். ஸ்டெப்னி இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். கூட யார் வருகிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது மகள் என்றார். வயது கேட்டாள். பதினொன்று முடிந்து இரண்டு மாதம் என்றார். மாதத்தையும் சேர்த்துச் சொன்னது அவளுக்குப் பிடித்திருக்க வேண்டும். முதல்முறையாக நிஜமாகவே சிரித்தாள்.

பிறகு சட்டத்தைச் சொன்னாள். பன்னிரண்டு வயது ஆகாத பிள்ளை நூற்றைம்பது சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தனி சீட் பொருத்தியாக வேண்டும். மூன்று அளவில் வைத்திருக்கிறார்கள். மகள் உயரம் எவ்வளவு?

மாஸ்டர் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி புரியவில்லையோ என்று நினைத்து, அவள் கவுண்டருக்கு வெளியே வந்து கையைக் காற்றில் வைத்துக் காட்டினாள். இவ்வளவா? கொஞ்சம் ஏற்றி, இவ்வளவா?

அந்தக் கை எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை.

மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்துக் கிளம்பியபோது பாப்பாவுக்கு மூன்று வயது. ஆறே மாதத்தில் அவரும் போவதாகப் பேச்சு. முதலில் ஸ்கூலை யார் பார்ப்பது என்றார். அப்புறம் கூப்பிடுகிற விதம் சரியில்லை என்றார். வார்த்தை தடித்தது. ஒருநாள் பேச்சின் நடுவிலேயே போனை வைத்தவர், மறுபடி எடுக்கவே இல்லை. தானாக வருவார்கள் என்று இருந்துவிட்டார்.

அதன் பிறகு எல்லாமே தங்கை வழியாகத்தான். அவள் போனில் போட்டோ காட்ட வந்தால், ஆள் காத்திருக்கிறது என்று எழுந்து போய்விடுவார். இந்தப் பயணம்கூட மகள் அத்தையிடம் கேட்டு, அத்தை அவரிடம் சொன்னதுதான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று, எந்தத் தேதி என்று.

தங்கை அவர் போனில் 'அண்ணி' என்று ஒரு நம்பரைப் போட்டுக் கொடுத்திருந்தாள். கண்ணாடிச் சுவர் ஓரமாகப் போய் நின்று அதை அழுத்தினார்.

மூன்றாவது மணியில் எடுத்தாள். அந்த ஒரு 'ஹலோ'வே போதும், லேசாக மூக்கடைத்த அதே குரல். எட்டு வருடத்தில் கொஞ்சமும் மாறவில்லை என்று நினைத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், நேராக விஷயத்துக்கு வந்தார்.

"நான்தான். பாப்பா எவ்வளவு உயரம் இருப்பா? தனி சீட்டு போடணுமான்னு கார்க்காரங்க கேக்குறாங்க."

பதில் இல்லை. இந்த மாதிரி ஒரு மௌனத்தில்தான் அன்றைக்குப் போனை வைத்தார். இன்றைக்கு வைக்கவில்லை.

"நான்தான்ப்பா பேசுறேன்" என்றது அந்தக் குரல்.

அம்மா குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். தன் உயரம் நூற்று ஐம்பத்து நான்கு, சீட் எதுவும் தேவையில்லை என்றாள். நாளைக்கு மூன்று மணிக்குப் பள்ளி விடும், லீவு விடுகிற நாள் என்பதால் வாசலில் நிறையக் கார்கள் நிற்கும் என்றாள். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டி நம்பர் சொல்லுங்கப்பா. அத வச்சுத்தான் நான் உங்கள கண்டுபிடிக்கணும்."

சாவியில் தொங்கிய அட்டையைக் கண்ணருகே கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அவள் எழுதிக்கொண்டு, திருப்பிச் சொன்னாள்.

சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.