வீட்டுச் சாட்சி

'இவர்களுக்கு வேண்டியது என் புருஷன் இல்லை, என் கட்டைவிரல்தான்' என்று வேல்விழி நினைத்தாள்.

கபடி அணியின் மேலாளர் பாண்டித்துரை கைக்கருவியை நீட்டிக்கொண்டு நின்றார். தலையில் அடிபட்ட வீரனின் மூளையைத் தலைப்பட்டை அளந்துவிடும். ஆனால் வீட்டில் ஒருவர் 'பழைய ஆள்தான்' என்று ரேகை வைத்தால்தான் அவன் மறுபடி களமிறங்க முடியும்.

"பட்டையே பச்சை காட்டிருச்சும்மா. நாளைக்கு ஃபைனல். சும்மா ஒரு அமுக்கு அமுக்கு."

"காட்டாம என்ன செய்யும்? சீசன் ஆரம்பத்துல அளவு எடுக்கும்போதே எல்லாரையும் வேணும்னே தப்புத்தப்பா பதில் சொல்லச் சொன்னீங்கல்ல? இப்போ அதோட ஒப்பிட்டா அரைமூளை இருந்தாலும் பாஸ்தான்."

"எல்லா டீம்லயும் நடக்குறதுதானேம்மா" என்று சிரித்தார் அவர். அந்தச் சிரிப்பைப் பிய்த்து எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

அன்று காலையில்தான், தலையில் அடிபட்டிருந்த அவள் புருஷன் சேந்தன் பால் வாங்கப் போய், திரும்பி வந்து அழைப்புமணி அடித்தான். கதவைத் திறந்தவளிடம், "அக்கா, வேல்விழி வீடு இதுதானே?" என்று மரியாதையாகக் கேட்டான்.

இப்போது அவனே கெஞ்சினான். "வச்சிரு வேலு. எனக்கு ஒண்ணுமில்ல."

அவள் கருவியை வாங்கினாள். திரையை அணைத்து, பாண்டித்துரையின் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"டீ ஆறுது சார். குடிச்சுட்டுக் கிளம்புங்க."