கடைசி வரிசையில் மூன்று இருக்கைகள்

“ரெண்டு டிக்கெட் எட்டாயிரமா? அந்த மனுஷன் பாட மட்டும் செய்வாரா, இல்ல பாடிட்டு நம்ம வீட்டையும் கூட்டிப் பெருக்கிட்டுப் போவாரா?”

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டார். சலவைக் கடையில் வேன் ஓட்டுகிறவர். ஏழரைக்குக் கிளம்பியாக வேண்டும்.

“காசு நான் போடுறேன்ப்பா. உங்ககிட்ட கேட்டேனா?” என்றாள் மகள்.

“உன் காசுன்னா கொட்டிக் கிடக்கா? ரேடியோல பாடுறதும் அதே ஆளுதானே? அவரோட தம்பியா பாடுறான்? ஒண்ணும் வாங்க வேணாம். விடு.”

“என்ன, என்ன சொல்றாரு?” என்று அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

அம்மா இருபத்திரண்டு வருடம் தறி மில்லில் நின்றவள். இடது காதை மில் எப்போதோ எடுத்துக்கொண்டது. வலது காதும் இந்த வருடக் கடைசிவரை தாங்கினால் அதிசயம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி அம்மா பாடியதெல்லாம் அந்தப் பாடகரின் பாட்டுகள்தான். அவர் இப்போதுதான் முதல் தடவையாக இந்த ஊருக்கு வருகிறார். காது இருக்கும்போதே அம்மா ஒரு தடவை நேரில் கேட்டுவிட வேண்டும். மகளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“ஒண்ணுமில்ல! வேனுக்கு டயர் மாத்தணும்னு சொன்னேன்!” என்று கத்திவிட்டு அப்பா செருப்பை மாட்டிக்கொண்டார்.

“போன மாசந்தானே மாத்தினீங்க?” என்றாள் அம்மா.

அதற்குள் அவர் படியிறங்கிவிட்டார்.

‘பெத்த பொண்ணுகிட்டயும் கஞ்சத்தனம், கட்டின பொண்டாட்டிகிட்டயும் கஞ்சத்தனம்’ என்று நினைத்துக்கொண்டே மகளும் வேலைக்குக் கிளம்பினாள்.

அவளுக்கு ஒரு வங்கியின் உதவி மையத்தில் வேலை. சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. டிக்கெட் விற்பனை பத்து மணிக்கு என்பதால், டீ இடைவேளையை அந்த நேரத்துக்குக் கெஞ்சி மாற்றி வாங்கியிருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். துணைக்கு, பக்கத்து இருக்கையில் வேலை பார்க்கும் அக்கா.

இணைய வரிசையில் அவளுக்கு முன்னால் ஆறாயிரம் பேர். அவள் முறை வந்தபோது நாலாயிரம் ரூபாய் டிக்கெட்டில் மிச்சம் மூன்றே இருக்கைகள், கடைசி வரிசையின் இடது ஓரத்தில். அவையும் சாம்பல் நிறத்தில் இருந்தன. ‘வேறொருவர் பணம் செலுத்திக்கொண்டிருக்கிறார். காத்திருக்கவும்.’

“எவனோ மூணையும் அமுக்கி வெச்சிருக்கான்க்கா.”

“வாங்கி வெளியில மூணு மடங்குக்கு விக்கிற கும்பலா இருக்கும். வேற யாரு?”

“நாசமாப் போவான்,” என்றாள் மகள். சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. யாரையும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

அப்போது போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அப்பாவின் கார்டிலிருந்து பன்னிரண்டாயிரத்து எழுநூறு செலுத்துவதற்கான ரகசிய எண். அப்பாவுக்கு மெசேஜ் படிக்க வராது. அதனால் அவர் கணக்குக்குத் தன் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். பணம் யாருக்குப் போகிறது என்ற இடத்தில் வாயில் நுழையாத ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயர்.

“அக்கா, எங்கப்பா இந்தக் கார்டை ஏடிஎம்முக்குத் தவிர வெளியிலயே எடுக்க மாட்டாரே!”

அப்பாவைக் கூப்பிட்டாள். பிஸி. மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் பிஸி.

“போச்சு! எவனோ உங்கப்பாவை லைன்லயே பிடிச்சு வெச்சுக் கறந்துக்கிட்டிருக்கான்,” என்றாள் அக்கா. “தினம் நூறு பேருக்கு என்ன சொல்றோம்? முதல்ல கார்டை முடக்கு, அப்புறம் விசாரி. யோசிக்காதடி!”

அவள் யோசிக்கவில்லை. ஐந்து மாதப் பழக்கத்தில் விரல்கள் தாமாக ஓடின. நாற்பது வினாடியில் கார்டு முடங்கியது. இனி புதுக் கார்டு வர ஒரு வாரம் ஆகும். ஆகட்டும். மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி டிக்கெட் பக்கத்தைத் திறந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மூன்று இருக்கைகளும் பச்சையாகின.

“விட்டுட்டான்க்கா! விட்டுட்டான்!”

சட்டென்று இரண்டைத் தொட்டாள். ‘தேவை அதிகரித்துள்ளதால் விலை மாற்றப்பட்டுள்ளது’ என்று வந்தது. ஒரு டிக்கெட் ஒன்பதாயிரம்.

அவளிடம் இருந்ததே எட்டாயிரத்துச் சொச்சம்தான்.

“ஒண்ணாவது எடுடி, மீதியை நான் போடுறேன்,” என்று அக்கா சொல்லி முடிப்பதற்குள் மூன்றும் மறைந்துவிட்டன. ‘அனைத்து டிக்கெட்டுகளும் விற்றுத் தீர்ந்துவிட்டன. ஆதரவுக்கு நன்றி.’

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட வரவில்லை.

“விடும்மா,” அக்கா அவள் முதுகைத் தடவினாள். “உங்கப்பா காசாவது பிழைச்சுதே.”

போன் அடித்தது. அப்பா.

“ஏம்மா, எத்தனை தடவை அடிக்கிறது? உன் லைன் கிடைக்கவே மாட்டேங்குது. போன் கடைக்காரர் கையைக் காலைப் பிடிச்சு மூணு சீட்டு பிடிச்சு வெச்சிருக்கேன். உன் சம்பளத்துல கை வைக்க மனசு வரல, அதான் காலைல அப்படிப் பேசிட்டேன். இடது ஓரமாப் பார்த்துத்தான் எடுக்கச் சொன்னேன், உங்கம்மாவோட நல்ல காது மேடைப் பக்கம் இருக்கும்ல… உன் போனுக்கு ஏதோ நம்பர் வந்திருக்குமாமே? சீக்கிரம் சொல்லும்மா, இங்க கடைக்காரர் போன்ல அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டேதான் இருக்கு.”