குழலில் தங்கிய கரி

கிளப்புக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் மயில்சாமி, தேன்மொழியின் துப்பாக்கிக் குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஏன் அம்மணி, பேரல் பூரா கரி. இன்னைக்கு மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கறாங்க. இப்படியே சுட்டா குண்டு ஒரே எடத்துல உழுகாது. குடு, தொடைச்சுத் தாரேன்."

"வேண்டாங்க சார்."

"தொடைச்ச உடனே சுட்டா மொதக் குண்டு தள்ளிப் போகும்னு பயமா?"

"அதில்லீங்க. சுட்ட அன்னைக்கே பழைய பனியனைக் கிழிச்சு பேரலைத் தொடைச்சாத்தான் எங்கப்பாவுக்குச் சோறு எறங்கும். என்னையும் அப்படித்தான் பழக்கினாருங்க."

"அப்பறம் எங்கிருந்து வந்துச்சு இந்தச் சோம்பேறித்தனம்?" சிரித்தபடி, துணி சுற்றிய கம்பியை எடுத்தார்.

தேன்மொழி துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இது நான் சுட்ட கரி இல்லீங்க. அப்பா சுட்டது. அன்னைக்கு இங்கிருந்து வர்ற வழியில நெஞ்சுவலிங்க. தொடைக்க அவரு ஊடு வந்து சேரலீங்க."

மயில்சாமி கம்பியைப் பெட்டிக்குள் வைத்தார்.

"ஆரம்பத்துல சுடற சோதனைக் குண்டுகளுக்கு மார்க் இல்ல, கண்ணு. அப்பாவோட கரி அந்தக் குண்டுகளோடயே போகட்டும். துணியில வேண்டாம்."

தேன்மொழி முதல் தோட்டாவைப் போட்டாள்.